குப்பைமேட்டில் ஒரு தகரக் கார்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அப்பாசாமி முதலாளியின் மண்டிக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தபோது என் இரண்டு காதும் சிவந்துதான் இருந்தன.

"சேலத்திலிருந்து முதல் பஸ் பிடிச்சு ஓடி வந்தது இதுக்குத்தானா சார்?"

"பேசாம தேடுய்யா மாணிக்கம்."

சார் என்றால் அர்த்தனாரி. போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவர். ஒல்லி உடம்பு, வாயில் எப்போதும் ஒரு துண்டு சுக்கு. நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் நாமக்கல் லைனில் கண்டக்டர். ஒரு பிள்ளைத்தாச்சியை எழுப்பிவிட்டு அவள் சீட்டில் உட்கார்ந்த பெரிய மனிதர் ஒருவரை நடுவழியில் இறக்கிவிட்டேன். அவர் பஸ் முதலாளியின் மச்சான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றோடு என் விசில் போயிற்று. இன்றைக்கும் அதே மாதிரி ஒருத்தர் வந்து உட்கார்ந்தால் அதையேதான் செய்வேன்.

வாழையிலைச் சருகுக்கும் புண்ணாக்குச் சாக்குக்கும் நடுவில் அது அகப்பட்டது. ஒரு சாண் நீளத்தில் தகரப் பொம்மைக் கார். சிவப்பு வர்ணம், நான்கு சக்கரம், வெட்டிவிட்ட ஜன்னல்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"இதேதானுங்க!" என்றார் அப்பாசாமி. பக்கத்தில் வந்து பார்க்காமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். "நாலு அமாவாசை, நாலு காரு. காத்தால கடை தொறந்தா வாசல்ல நிக்குது. நாலையும் வீசிட்டேன். மூணு குப்பை வண்டியில போயிருக்கும்."

"யார் மேல சந்தேகம்?"

"ஐப்பசியில புது அம்பாசிடர் வாங்குனனுங்க. கார்த்திகையில முதல் பொம்மை வருது. வயித்தெரிச்சல் புடிச்ச எவனோ என்னைக் காரேத்திக் கொன்னுபோடுவேன்னு மிரட்டறான். ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அந்த 'பாத்துக்கறேன்' எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாசாமி சேந்தமங்கலத்தில் பெரிய கை. மண்டியில் எண்ணெய், உப்பு, கருப்பட்டி. கொல்லிமலைமேல் சோளக்காட்டில் கிளைக்கடை. மலையில் இருக்கிற காப்பித் தோட்டங்களுக்கு உரம், பூச்சிமருந்து எல்லாம் இவர் சப்ளைதான். மண்டிக்குள் எண்ணெய் டின்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒவ்வொரு டின்னிலும் நீல மையில் ஒரு பறவை.

"இது என்னங்க, கோழியா?" என்றேன்.

"மயிலுய்யா! என் மார்க். அச்சுத்தகடு வெச்சு நானே நிறுத்தி அடிக்கச் சொல்வேன். இந்த மயில் இல்லாம ஒரு டின்னு என் கடையை விட்டுப் போவாது."

அர்த்தனாரி காரைக் கண்ணருகே கொண்டுபோய் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சுக்கு மெல்லுவது நின்றுபோனது.

"என்ன சார் தெரியுது?"

"இருட்டு" என்றார். எதையோ கண்டுவிட்டு மறைக்கிறபோது அவர் இப்படித்தான் ஒற்றை வார்த்தையில் பேசுவார்.

வெளியே வந்ததும் காரை என் கையில் கொடுத்தார். "சொல்லு, எங்கே செஞ்சது?"

"ஜப்பானா?"

"ஜப்பான்காரன் தகரத்தில் சின்னச் சின்ன நாக்கு விட்டு, எதிர்ப்பக்கத்து ஓட்டையில் சொருகி மடக்குவான். இங்கே பார், மூலைக்கு மூலை ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறது. மெஷின் இல்லை, கைவேலை. அச்சு என்ன?"

சக்கரத்தின் நடுவில் ஓடிய கம்பியை நெருடினேன். "குடைக்கம்பி."

"சபாஷ். முன் விளக்கு?"

காருக்கு முன்னால் இரண்டு குட்டிக் குழல்கள் துருத்திக்கொண்டிருந்தன. எங்கேயோ பார்த்த சாமான். "மண்ணெண்ணெய் விளக்குல திரி போடற குழல், சார்!"

"ஆக, செய்தவன் விளக்கு செய்கிறவன். அந்தக் குழலுக்கு மேலே இமை மாதிரி ஒரு தகரம் வளைச்சிருக்கே, அது?"

தெரியவில்லை. கடைத்தெருவில் விளக்கு விற்கிற இரண்டு கடையில் கேட்டார். எந்த விளக்கிலும் இமை இல்லை. இரண்டாவது கடைக்காரர்தான் சொன்னார்: "இமை வெச்ச வெளக்கு கீழ ஆருக்கு வேணும்? மலைக்காத்துக்குத் திரி அணையாம இருக்க மேல வெப்பாங்க."

"கிளம்பு" என்றார் அர்த்தனாரி.

"எங்கே?"

"மேலே."

*

அந்த 1961-ஆம் வருஷம் கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளி அடிவாரத்தோடு சக்கரம் நின்றுவிடும். அதற்குமேல் கால்தான். உப்பு, எண்ணெய், கல்யாணப் புடவை, கலெக்டர், எல்லாமே தலையிலோ தோளிலோதான் ஏறவேண்டும். அப்பாசாமிக்குக் காலில் வாதம். மறுநாள் டோலியில் வருவதாகச் சொல்லியிருந்தார். நாலு பேர் தோளில் சுமக்கிற நாற்காலி அது. நான் நடந்தேன். எத்தனை முறை உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள்.

சோளக்காட்டில் அன்று சந்தை. மிளகும் பலாச்சுளையும் மணக்க, ஒரு மூலையில் இமை வைத்த விளக்குகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தகர வேலைக்காரர் செல்லமுத்து. கரியடுப்பில் ஈயம் வைக்கிற பற்றுக்கோல் காய்ந்துகொண்டிருந்தது.

அர்த்தனாரி காரை அவர் முன்னால் வைத்தார்.

"அட, என்ற வண்டிங்க!" என்று முகம் மலர்ந்தார் செல்லமுத்து. "இதை ஆரு இப்படி நசுக்குனது?"

"பெரிய மனுஷங்க விளையாடினாங்க" என்றேன்.

"எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டார் அர்த்தனாரி.

கேட்டதுதான் தாமதம், மனிதர் வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார். போன வருஷம் மேலே வந்த சர்வேக்காரர் ஒருவரிடம் ஒரு காலண்டர் இருந்ததாம். அதில் ஒரு மோட்டார் படம். நிஜக் காரைச் செல்லமுத்து இதுவரை பார்த்ததில்லை. படத்தைப் பார்த்து அட்டையில் அளவு வெட்டி, அட்டையைத் தகரத்தில் வைத்து ஆணியால் கோடு போட்டு, கத்தரியால் வெட்டி, மரக்கட்டையில் மடக்கி, ஈயம் வைத்தார். "ஒரு டின்னுக்கு ஏழு வண்டிங்க. ஒரு துண்டு வீணாவாது."

"டின்னு ஏது?"

"டின்னா? சாமி, இங்க ஒரு டின்னு வந்துட்டா அதுக்குச் சாவே கெடையாதுங்க. மூணு மணிநேரம் ஒருத்தன் தலையில ஏறி வந்த சாமானை ஆராச்சும் வீசுவாங்களா? படி செய்வோம், புனல் செய்வோம், ஓட்டைக்கு ஒட்டுப் போடுவோம். இந்த டின்னுல மூணு வருஷம் நான் கரி போட்டு வெச்சிருந்தேன். அடி இத்துப்போச்சு. அப்புறந்தான் வெட்டுனேன்."

"எதற்காக உள்பக்கத்தை வெளியே திருப்பினீங்க?"

செல்லமுத்து கொஞ்சம் கூச்சப்பட்டார். "வெளிப்பக்கம் படம் போட்டிருந்துச்சுங்க. புலி மார்க், யானை மார்க்கு வருதில்ல, அது மாதிரி இது மண்டையோட்டு மார்க்கு. கொழந்தைங்க வெளையாடற சாமான்ல மண்டையோடு எதுக்குன்னு உள்ள தள்ளிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அர்த்தனாரி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஜன்னல் வழியாக அவர் பார்த்த 'இருட்டு' இதுதான் போலிருக்கிறது.

"அந்த டின்னை யார் கொடுத்தது?"

"மாதனுங்க. அப்பாசாமி மொதலாளிக்குச் சுமை தூக்கறவன். நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு ஆடியில. 'கடையில இதைப் பள்ளத்துல வீசச் சொன்னாங்க, வீச மனசு வரல, நீ வெச்சுக்க'ன்னான். எண்ணெய்யை அவங்களே ஓடையில கொட்டிட்டாங்களாம். ரெண்டு நாளு ஓடையில மீனு செத்து மெதந்துச்சு."

"ஏழு காரையும் யார் வாங்கினாங்க?"

அவர் குரல் இறங்கியது. "இருசாயி. பாவம், புள்ளைங்களைத் தின்ன பொம்பளைன்னு ஊரு ஒதுக்கி வெச்சிருக்குதுங்க. மொதல்ல ரெண்டு வாங்குனா. அப்புறம் மழைக்காலம் முடியறப்ப ஓடியாந்து மீதி அஞ்சையும் கேட்டா. டின்னு ஏதுன்னு அவளுந்தான் கேட்டா. சொன்னேன். சொன்னதும் இங்கயே தரையில உக்காந்துட்டா."

*

மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. அப்படி ஆலத்தூர் நாட்டில் ஒரு சிற்றூர். ஊரை விட்டு இரண்டு சாமைக் காடு தள்ளித் தனியாக ஒரு குடிசை. வழி கேட்ட இடத்தில் எல்லாம், "அங்க தண்ணி குடிச்சுப்போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் போனதும் முதல் வேலையாகத் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு சொம்பு முழுவதும் குடித்தேன்.

இருசாயி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வயது இருக்கும். அழுது முடித்து வெகுநாளான முகம்.

"காரு வெச்சது நாந்தானுங்க" என்றாள். நாங்கள் கேட்கவே இல்லை.

குடிசைக்குப் பின்னால் இரண்டு சின்ன மண்மேடு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கார். ஒன்று முழுசாக இருந்தது. மற்றது மழையில் துருவேறி, ஈயம் விட்டு, கூரை மல்லாந்து கிடந்தது.

"பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு நாலு. ஆடிப் பதினெட்டுக்குக் கச்சாயப் பலகாரம் கேட்டானுங்க. சோளக்காட்டுக் கடையில புது டின்னு ஒடைச்சு மொதப் போணி எனக்குத்தான் ஊத்துனாங்க. ஒரு பாட்டலு. சுடச்சுடத் தின்னானுங்க. நான் சட்டிகிட்ட இருந்தேன், வாயில வெக்கல. வெளிச்சம் போறதுக்குள்ள ரெண்டு பேரும் போயிட்டானுங்க."

"ஊரில் சொல்லவில்லையா?"

"எண்ணெய் வாசம் வேறன்னு அழுதேன். மொதலாளி டோலியில வந்தாரு. அதே டின்னு எண்ணெய்யில எங் கடையாளுங்க பலகாரம் சுட்டுத் தின்னாங்க, நானும் தின்னேன்னு கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனாரு. ஊர்க்கவுண்டரு நம்புனாரு. நாந்தான் மாவுல வெசக்கெழங்கு எதையோ கலந்துட்டேன்னு முடிவாச்சு. புருசன் குண்டனி நாட்டுல வேற ஊடு கட்டிக்கிட்டான்."

போன ஆடிக்குப் பிள்ளைகளுக்கென்று இரண்டு கார் வாங்கி மேட்டில் வைத்திருக்கிறாள். புதைத்த இடத்தில் வைத்த சாமானை இந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். வைத்தவளும் தொடமாட்டாள். ஐப்பசி மழைதான் தொட்டுத் திறந்துவிட்டிருக்கிறது.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. ஆனா இந்தப் படம் தெரியும். தோட்டத்து வேலைக்குப் போனப்ப மேஸ்திரி காட்டிச் சொல்லியிருக்காரு, இந்த மண்டையோடு போட்ட டின்னைக் கையில தொடாத, பூச்சிமருந்துன்னு." அவள் குரல் உடையவில்லை. "எம் புள்ளைங்களைக் கொன்ன டின்னையே நான் வெளையாட்டுச் சாமான்னு வாங்கியாந்து அவனுங்க நெஞ்சு மேல வெச்சிருக்கேன்."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். காதோடு நிற்கவில்லை, எனக்குத் தலை முழுக்கக் கொதித்தது.

"அவருக்கு ஏன் அனுப்பினே?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"ஒண்ணையாச்சும் தொறந்து பாக்கட்டும்னுதான். அமாவாசைக்கு அமாவாசை மலையெறங்கிப் போயி வெச்சேன். ஒருக்காவும் தொறக்கலியே அந்த ஆளு!" கூரை ஓலைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். கால் பாட்டில் எண்ணெய். "அன்னைக்கு மிச்சமானது. இதை வெச்சுக்கிட்டுத்தான் நான் சாவாம இருக்கறேன். நாளைக்கு அவரு மேல வாராராம். ஏதாச்சும் ஒண்ணுல கலந்து குடுத்துட்டன்னா என்ற வேலை முடிஞ்சுதுங்க."

"நியாயம்தான்" என்றேன் நான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அர்த்தனாரி என்னை முறைத்துவிட்டு அவளிடம் சொன்னார். "அவர் செத்தா நல்லவராகப் போய்விடுவார். நீ மூணு பேரைக் கொன்றவள் ஆவாய். ஊர் சொன்னது சரிதான்னு இன்னும் நூறு வருஷம் பேசுவாங்க. அதுவா வேணும்?"

அவள் பாட்டிலைத் திரும்ப ஓலைக்குள் சொருகினாள்.

"கார் வைத்தது நீதான்னு தெரிந்ததும் நாளைக்கு அவர் பஞ்சாயத்தைக் கூட்டி உன்னை மலையை விட்டே துரத்தச் சொல்லப்போகிறார். இந்த இரண்டு மேட்டையும் நீ மறுபடி பார்க்க முடியாது. மாணிக்கம், போய் வெல்லம் வாங்கி வா."

"வெல்லமா?"

"கச்சாயத்துக்கு" என்றார்.

நான் வெல்லம் வாங்கித் திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே சட்டி காய்கிற சத்தம். ஓலையில் பாட்டில் இருந்த இடம் காலி. அர்த்தனாரியிடம் கேட்டதற்கு, "உனக்குத் தெரிந்தால் உன் காது காட்டிக்கொடுத்துவிடும்" என்றார்.

*

மறுநாள் காலை, ஊர்ப் பலாமரத்தடி. ஆளைக் காட்டுவதாக அர்த்தனாரி சொல்லி அனுப்பியிருந்ததால் ஊர் கூடியிருந்தது. நாலு பேர் டோலியை இறக்கினார்கள். முன்தோள் கொடுத்த நெட்டை ஆளைக் காட்டி, "அவந்தான் மாதன்" என்றார், வேடிக்கை பார்க்க வந்திருந்த செல்லமுத்து.

ஊர்க்கவுண்டர் குழந்தைவேல் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு. சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று பேர் எடுத்தவர், அதில் பெருமையும் உள்ளவர்.

"துப்பறியறவரே, ஆளு கெடைச்சுதா?" என்றார் அப்பாசாமி.

"கிடைத்துவிட்டது. கார் வைத்தது இருசாயி. ஒப்புக்கொண்டுவிட்டாள்."

இப்படிப் போட்டுடைக்கவா இவ்வளவு தூரம் ஏறி வந்தோம்? கூட்டம் இரைந்தது. அப்பாசாமி முகத்தில் எண்ணெய் வழிகிற சந்தோஷம்.

"பாத்தீங்களா கவுண்டரே! பெத்ததுங்களைத் தின்னது பத்தாதுன்னு என்னை மெரட்டறா. இன்னைக்கே இவளை மலையை விட்டு எறக்குங்க."

ஊர்க்கவுண்டர் தலையசைக்கப் போனார். "ஒரு நிமிஷம்" என்றார் அர்த்தனாரி. "போகிறவள் முதலாளிக்குக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறாள்."

இருசாயி தட்டைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தாள். பொன்னிறமாக ஆறு கச்சாயம். ஏலக்காய் மணத்தது.

"இவ கையால நான் திங்கறதா?" என்று சிரித்தார் அப்பாசாமி.

"எண்ணெய் உங்களுடையதுதான். ஆடிப் பதினெட்டுக்கு உங்கள் கடையில் முதல் போணியாக வாங்கியது. மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்."

சிரிப்பு நின்றது. "நாலு வருசத்து எண்ணெய்யா? சிக்குப் பிடிச்சிருக்குமே."

"சிக்குப் பிடித்த எண்ணெய் வயிற்றைத்தான் கலக்கும், ஆளைக் கொல்லாது. இதே எண்ணெய்யில் சுட்டதை நீங்கள் தின்றதாகச் சத்தியம் செய்தீர்களாம். இன்னொன்று தின்றால் என்ன?"

"எனக்கு வாதம். எண்ணெய்ப் பலகாரம் ஆவாது."

"சரி." அர்த்தனாரி ஊர்க்கவுண்டரிடம் திரும்பினார். "அந்தச் சத்தியத்தை நம்பித்தானே இவளை ஒதுக்கினீங்க?"

"ஆமாங்க."

"இன்றைக்கும் நம்பறீங்களா?"

கிழவரின் முகம் இறுகியது. "நான் ஒருக்கா நம்புனா நம்புனதுதானுங்க."

"அப்படியானால் எண்ணெய் நல்ல எண்ணெய். நீங்கள் தின்னுங்க. ஊர் பார்க்கட்டும்."

ஊர்க்கவுண்டர் இருசாயியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் ஒரு கச்சாயத்தை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அர்த்தனாரியைப் பார்த்தேன். மனிதர் சுக்கு மென்றுகொண்டிருந்தார். கச்சாயம் வாய்வரை போயிற்று.

"திங்காதீங்க!"

அப்பாசாமி வாதக்காலோடு பாய்ந்து வந்து ஊர்க்கவுண்டரின் கையைத் தட்டிவிட்டார். கச்சாயம் மண்ணில் உருண்டது. "திங்காதீங்க கவுண்டரே! அது மருந்து டின்னுங்க! கழுவிட்டோம்னுதான் ஊத்துனாங்க, வாசம் போவல, அது..."

அவரே தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த ஆள் ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் பாய்ந்தார் என்பதை நானும் மறுக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் சாவதற்கு முன்னால் அந்தப் பாய்ச்சல் எங்கே போயிருந்தது என்றுதான் கேட்கிறேன்.

"எந்த மருந்து டின் முதலாளி?" என்று அர்த்தனாரி மெதுவாகக் கேட்டார். "நாங்கள் யாரும் டின் பேச்சையே எடுக்கவில்லையே?"

குப்பையில் எடுத்த காரை மடியிலிருந்து எடுத்தார். செல்லமுத்துவின் கத்தரியை வாங்கி ஈயத்தை நெம்பினார். கூரைத் தகடு கழன்றது. அதைத் திருப்பி வெயிலில் பிடித்தார். மஞ்சள் தகரத்தில் ஒரு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு. அந்த மண்டையோட்டின் நெற்றியில், நீல மையில், கோழி மாதிரி ஒரு மயில்.

"மயில் இல்லாமல் ஒரு டின்னும் இவர் கடையை விட்டுப் போகாது. அவர் வாயாலேயே சொன்னது. எண்ணெய் டின் போதவில்லை, தோட்டத்துக்குப் போய்த் திரும்பிய மருந்து டின்னைக் கழுவி எண்ணெய் ஊற்றி, மார்க்கையும் அடித்திருக்கிறார்கள். கீழே இருப்பவருக்குப் பள்ளத்தில் வீசினால் போயிற்று. மலையில் தகரத்தை யாரும் வீசமாட்டார்கள் என்பது இத்தனை வருஷம் வியாபாரம் செய்தும் அவருக்குத் தெரியவில்லை."

இருசாயி குனிந்தாள். மண்ணில் கிடந்த கச்சாயத்தை எடுத்து ஊதி, கடித்து, மென்று விழுங்கினாள்.

"நல்ல எண்ணெய்ங்க" என்றாள். "செல்லமுத்து அண்ணன் ஊட்டுல வாங்குனது."

பாட்டில் அர்த்தனாரியின் பையில் துணி சுற்றி இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர்க்கவுண்டர் எழுந்து நின்றார். "இருசாயி, தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி. ஊரறிய ஒண்ணு குடு, திங்கறேன்" என்று கை நீட்டினார்.

அவள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நாலு வருசமா என்ற ஊட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவலீங்க. இதும் ஆவாதுங்க."

தட்டோடு நேராக என்னிடம் வந்தாள். "நேத்துத் தண்ணி கேட்டுக் குடிச்சீங்களே. எடுத்துக்குங்க." ஊர் முழுவதும் பார்க்க நான் மூன்று தின்றேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

"சேந்தமங்கலம் ஸ்டேஷனுக்குப் போகலாம் முதலாளி" என்றார் அர்த்தனாரி.

அப்பாசாமி தள்ளாடிப் போய் டோலியில் உட்கார்ந்தார். "தூக்குங்கடா."

யாரும் நகரவில்லை. மாதன் தோள்துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டான். டின்னை வீசச் சொன்னபோது ஏன் என்று கேட்காதவன். இந்த நாலு வருஷம் அவன் எத்தனை முறை இந்த ஆளைத் தூக்கி ஏற்றி இறக்கியிருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"நடந்து வாங்க" என்றான்.

"எனக்கு வாதம்டா!"

"எறங்குங்க." மற்ற மூன்று பேரும் மூங்கிலை உருவி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்படித்தான் அப்பாசாமி முதலாளி கொல்லிமலையிலிருந்து முதல் தடவையாகத் தன் காலில் இறங்கினார். முன்னால் அர்த்தனாரி, நடுவில் அவர், பக்கத்தில் நானும் மாதனும். கொஞ்ச தூரம் போயிருப்போம், பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பினேன். இருசாயி. கையில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஏழில் கடைசி கார், சிவப்பு மங்காத புதுக் கார், கல்லில் தட்டித் தட்டி அவள் பின்னால் உருண்டு வந்தது.

"சார், சாட்சிப் பொருள் கெட்டுடும்" என்றேன்.

"சாட்சிக்கு மேலே மேட்டில் இரண்டு இருக்கு, என் மடியில் ஒன்று இருக்கு" என்றார் அர்த்தனாரி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஓடட்டும். ஓடத்தானே செய்தது."

கீழே காரவள்ளி வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கார்தான் பேசியது. ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு படிக்கல்லிலும் அப்பாசாமி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் நின்றால் சத்தமும் நிற்கும். நடந்தால் மறுபடி வரும்.

பாதி வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை நிறுத்தச் சொல்லுய்யா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

கண்டக்டராக இருந்தபோது எத்தனையோ பேருக்காக விசில் கொடுத்து வண்டியை நிறுத்தியிருக்கிறேன். அவர் கையை விலக்கிவிட்டுச் சொன்னேன்:

"இந்த வண்டி நடுவழியில் நிற்காதுங்க."